பெகு மலைத் தேக்கும் முப்பது ஆண்டுக் கணக்கும்

செட்டிநாட்டு வீடுகளின் முகப்பிலும் வளவிலும் நிற்கும் தூண்களைப் பற்றிப் பேசும்போது, 'பர்மா தேக்கு' என்ற பெயரைத் தரச் சான்றாகச் சொல்வது நம் வழக்கம். அந்தத் தேக்கில் பெரும்பகுதி கப்பலேறிய துறைமுகம் ரங்கூன். ரங்கூனுக்கு வடக்கே, ஐராவதிக்கும் சிட்டாங் ஆற்றுக்கும் நடுவே நீளவாக்கில் கிடக்கிறது பெகு யோமா என்னும் தாழ்ந்த மலைத்தொடர். இயற்கையாக வளரும் தேக்குக்கு அது தாய்வீடு. அந்த மலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் உருவான மரம் வெட்டும் முறையை, வெப்பமண்டலக் காட்டைக் கெடுக்காமல் பயன்படுத்துவதற்கு முன்மாதிரி என்று வனவியலார் நெடுங்காலம் போற்றினார்கள். 2016-இல் பர்மிய அரசு அதே மலைத்தொடரில் பத்தாண்டுகளுக்கு மரமே வெட்டக் கூடாது என்று தடை விதித்தது. பெருமரங்களை மட்டும் தேர்ந்து வெட்டிய, சாலை போடாமல் யானையை வைத்து இழுத்த, கூப்பு என்னும் வெட்டுப் பகுதி ஒன்றில் வெட்டினால் முப்பது ஆண்டு கழித்தே திரும்பி வரவேண்டும் என்று விதித்த ஒரு முறை, தடை போட்டுக் காப்பாற்றவேண்டிய நிலைக்குக் காட்டை எப்படிக் கொண்டுவந்து விட்டது? காடுகளின் நீடித்த பயன்பாடு பற்றிப் பேசுகிற எல்லோரும் நின்று யோசிக்க வேண்டிய கேள்வி இது. மரத்தை எப்படி வெட்டுகிறோம் என்பது பாதி விஷயம்தான் என்பதே இதற்கு என் பதில். எவ்வளவு வெட்டுகிறோம், எப்போது திரும்பி வருகிறோம் என்பது மறுபாதி. அந்த மறுபாதியை மரத்தின் வளர்ச்சி தீர்மானிக்க வேண்டும். கருவூலம் தீர்மானிக்கத் தொடங்கினால் எந்த நல்ல முறையும் காட்டைக் காப்பாற்றாது.

வெட்டும் முறைகள் பலவகை. ஒரு பரப்பில் உள்ள அத்தனை மரங்களையும் ஒரே தடவையில் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வது மொத்த வெட்டு. நம் ஊரில் சவுக்குத் தோப்புகளை அப்படித்தான் வெட்டுகிறோம். விதைக்காகச் சில தாய்மரங்களை மட்டும் நிறுத்திவிட்டு மற்றவற்றை வெட்டுவது இன்னொன்று. இளங்கன்றுகள் தலையெடுக்கும்வரை மேல்மரங்களை நிழலுக்காக விட்டுவைத்து, பிறகு இரண்டு மூன்று தவணைகளில் அகற்றுவது வேறொன்று. அடிக்கட்டையிலிருந்து மறுதழைவு வரவிட்டு, விறகுக்கும் கழிக்கும் குறுகிய இடைவெளியில் வெட்டுவதும் உண்டு. கடைசியாக, பல வயது மரங்கள் கலந்து நிற்கும் காட்டில் குறிப்பிட்ட பருமனை எட்டிய மரங்களை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுப்பது தெரிவு வெட்டு. இவற்றில் எது நல்லது, எது கெட்டது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. வெட்டிய இடத்தில் அடுத்த தலைமுறைக் கன்று முளைக்க எவ்வளவு வெளிச்சம் வேண்டும், மண் எவ்வளவு நேரம் வெயிலையும் மழையையும் திறந்தபடி தாங்கும் என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு விடை. கேள்வி மாறினால் விடையும் மாறும்.

பெகுவில் தெரிவு வெட்டு பிறந்த கதைக்குப் பின்னால் இரண்டு தோல்விகள் இருக்கின்றன. பம்பாயில் கப்பல் கட்டுவதற்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி மலபார்த் தேக்கை நாடியது; 1806-இல் வாட்சன் என்ற போலீஸ் அதிகாரியை வனப் பாதுகாவலராக நியமித்து, மரங்களின்மீது ஏகபோக உரிமை கொண்டாடியது. எதிர்ப்பு முற்றி 1823-இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ அந்தப் பதவியையே ஒழித்தார். பாதுகாவலர் என்று பெயர் இருந்ததே தவிர, காடு பாதுகாக்கப்படவில்லை. 1826-இல் தென்பர்மாவின் டெனாசரிம் பிரிட்டிஷார் கைக்கு வந்ததும் பார்வை அங்கிருந்த மோல்மேன் துறைமுகத்தின் பக்கம் திரும்பியது. அங்கே தனியார் வணிகர்களுக்கு உரிமம் கொடுத்துவிட்டு அரசு வரி மட்டும் வாங்கியது. ஏறத்தாழ ஒரு தலைமுறைக்குள் எட்டிய இடத்துத் தேக்கெல்லாம் தீர்ந்தது. 1852 போரில் பெகு வசமானபோது, அதே கதி இந்தக் காட்டுக்கும் வரக் கூடாது என்று கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் அரசு நினைத்தது. அப்படித்தான் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1856-இல் பெகு காடுகளின் கண்காணிப்பாளராக வந்து சேர்ந்தார்.

அவர் செய்த முதல் வேலை எண்ணுவது. யானைமேல் அமர்ந்து காட்டின் குறுக்காகக் கோடு பிடித்துப் போய், கண்ணில் பட்ட தேக்கு மரங்களைப் பருமன்வாரியாகப் பிரித்து, கையிலிருந்த மூங்கில் துண்டுகளில் வெட்டுக்குறி போட்டுக்கொண்டே சென்றார். மழையிலும் புதரிலும் தாள் தாங்காது, மூங்கில் தாங்கும். ஆறடிச் சுற்றளவும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரம். அதற்குக் கீழே படிப்படியாக மற்றத் தரங்கள். பிறகு அவர் கேட்ட கேள்வியில்தான் அறிவியல் இருக்கிறது. இரண்டாம் தர மரம் ஒன்று முதல் தரத்துக்கு உயர எத்தனை ஆண்டு ஆகும்? அந்த ஆண்டுகளின் எண்ணிக்கையால் காட்டில் இருக்கும் முதல் தர மரங்களை வகுத்தால், ஓர் ஆண்டில் வெட்டக்கூடிய மரங்களின் எண்ணிக்கை கிடைக்கும். அதற்குள் வெட்டினால், முதல் தரம் தீரும் வேளையில் இரண்டாம் தரம் அந்த இடத்துக்கு வந்து நிற்கும். சந்தையில் என்ன விலை, கப்பல் துறைக்கு எவ்வளவு தேவை என்பவை இந்தக் கணக்கில் நுழையவே இல்லை. காட்டை நீடித்துப் பயன்படுத்துவது என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான எண்வடிவம் கிடைப்பது அரிது. பின்னாளில் இது முப்பது ஆண்டு வெட்டுச் சுழற்சியாக நிலைபெற்றது: காட்டை முப்பது பங்காகப் பிரித்து ஆண்டுக்கு ஒரு பங்கில் மட்டும் நுழைவது, அங்கும் செழிப்பான காட்டில் ஏழரை அடி, வறண்ட காட்டில் ஆறரை அடிச் சுற்றளவுக்குக் குறைந்த தேக்கைத் தொடாமல் விடுவது.

மரத்தைக் காட்டிலிருந்து வெளியே கொண்டுவந்த விதமும் கவனிக்கத்தக்கது. பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். ஆற்றில் விட முடியாது. எனவே வெட்டத் தேர்ந்த மரத்தின் அடியில், பட்டையையும் வெள்ளைப் பகுதியையும் தாண்டி வைரம் தொடும்வரை சுற்றி வளையம் இட்டுவிடுவார்கள். நீரேற்றம் நின்று மரம் நின்றபடியே சாகும். மூன்று ஆண்டுபோல வெயிலில் காய்ந்த பின்பு வெட்டிச் சாய்ப்பார்கள். காய்ந்த மரம் எடை குறைந்திருக்கும். விழும்போது அக்கம்பக்கத்து மரங்களை நொறுக்குவதும் குறையும். யானைகள் அதை ஓடைக்கு இழுத்துச் செல்லும், மழைக்கால வெள்ளம் ஓடையிலிருந்து ஆற்றுக்குத் தள்ளும், ஆற்றில் தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு மிதக்க விடுவார்கள். இதில் யானையின் பங்கை வெறும் பழம்பெருமையாகப் பார்க்கக் கூடாது. அதற்கு மண் அறிவியலின் ஆதரவு உண்டு. காட்டு மண்ணில் பாதிக்கு அருகில் வெற்றிடம். காற்றும் நீரும் வேரும் போக வழி. புல்டோசர் ஒன்று மரத்தை இழுத்துக்கொண்டு சிலமுறை போய்வந்தால் அந்தத் துளைகள் நசுங்குகின்றன. மழைநீர் உள்ளே இறங்காமல் மேலாக ஓடி மண்ணை அரிக்கிறது. கன்றுகள் வேர்விடத் திணறுகின்றன. நசுங்கிய மண் பழைய நிலைக்குத் திரும்பப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. யானை ஒற்றையடிப் பாதையிலேயே வேலையை முடித்துவிடும். அதைவிட முக்கியம், அது சாலை கேட்பதில்லை. வெட்டு முடிந்த கூப்பை விட்டு யானைகள் வெளியேறினால் காடு தானாக மூடிக்கொள்ளும். சாலை அப்படி மூடாது. மரவெட்டிக்குப் பின்னால் வேட்டைக்காரரும், கரி சுடுகிறவரும், நிலம் திருத்துகிறவரும் அதே சாலையில்தான் வருகிறார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு இந்த முறையின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தேக்கு வெளிச்சம் விரும்பும் மரம். அதன் கன்று அடர்நிழலில் பிழைக்காது. ஓர் ஏக்கரில் ஒரு மரத்தை எடுத்தால் மேற்கூரையில் விழும் ஓட்டை சிறியது. கீழே நெருங்கி நிற்கும் மூங்கில் அதையும் விரைவில் அடைத்துவிடும். பெகு மலையில் தேக்கோடு சேர்ந்து வளரும் மூங்கில்கள் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதைத்து, ஒட்டுமொத்தமாக மடியும். அப்போது காய்ந்த மூங்கிலில் தீ பரவும். தரைக்கு வெயில் வரும். தீயைத் தாங்கிய தேக்கு வேர்கள் புதிதாகத் தளிர்த்து மூங்கிலுக்குமுன் உயர்ந்துவிடும். தேக்கின் புதுத் தலைமுறைக்கு அதுதான் பெரிய வாய்ப்பு. அதாவது, வெட்டும் முறை முப்பது ஆண்டுத் தாளத்தில் நடக்கிறது, மறுபிறப்பு மூங்கிலின் தாளத்தில் நடக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அறியாது. இன்னொரு குறை, நேரான பெருமரங்களையே தொடர்ந்து எடுத்தால் விதை போடுவதற்கு மிஞ்சுவது கோணலும் பொந்தும். பிரிட்டிஷ் வனத்துறைக்குள்ளேயே இதுபற்றி நீண்ட வாதம் நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சில இடங்களில் பரப்புப் பரப்பாக வெட்டி ஒரே வயதுத் தேக்கை எழுப்பும் முறையையும் முயன்றார்கள். ஆகவே பிராண்டிஸின் கணக்கு பாதுகாப்பானதாக இருந்தது, முழுமையானதாக இல்லை. மரங்கள் எந்த வேகத்தில் பருக்கின்றன என்பதை அது அளந்தது. புதிய மரங்கள் எந்த வேகத்தில் பிறக்கின்றன என்பதை நம்பிக்கையின்மேல் விட்டுவிட்டது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். குடியேற்ற அரசு தன் தேவைக்காக வகுத்த கணக்கை நாம் ஏன் கொண்டாட வேண்டும்? தேக்கு அத்தனையும் அரசுடைமை என்று அறிவித்து, மலையில் காடு திருத்தி நெல் விதைத்துவந்த கரேன் மக்களைக் குற்றவாளிகளாக்கியது அதே அரசுதானே? உண்மைதான், அந்த அநீதியைச் சிறிதாக்கிப் பேச எனக்கு விருப்பமில்லை. டௌங்யா என்று பெயர்பெற்ற ஏற்பாட்டில், கரேன் குடும்பங்கள் தாங்கள் திருத்திய நிலத்தில் நெல்லோடு தேக்கையும் விதைத்து, கன்றுகள் பிழைத்தால் கூலி பெற்றார்கள். நிலமோ மரமோ அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. ஆனாலும் யார் ஆண்டாலும் மரம் அதே வேகத்தில்தான் வளர்கிறது. கணக்கு சரியா என்பதும், அதன் பயன் யாருக்குப் போனது என்பதும் தனித்தனியாகக் கேட்கவேண்டிய கேள்விகள். இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த மோசமான விடை முதலாவதையும் பலவீனப்படுத்தியது என்பது என் கருத்து. மலையில் வாழ்கிறவருக்குக் காட்டின் எதிர்காலத்தில் பங்கு இல்லாதபோது, ரங்கூனில் இருப்பவர் கணக்கை மீறினால் தட்டிக் கேட்க அங்கே ஆளில்லை. கணக்கு அதிகாரிகளின் நேர்மையை மட்டுமே நம்பி நின்றது.

அந்த ஊன்று 1988-க்குப் பிறகு முறிந்தது. மக்கள் எழுச்சியை அடக்கி ஆட்சிக்கு வந்த ராணுவத்திடம் அந்நியச் செலாவணி இல்லை. விற்பதற்கு மரம் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் தெற்குத் தாய்லாந்தில் பெருவெள்ளமும் மண்சரிவும் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டன. வெட்டிப் போட்ட மரங்கள் சேற்றோடு உருண்டு ஊர்களின்மேல் விழுந்தன. 1989 ஜனவரியில் தாய்லாந்து தன் இயற்கைக் காடுகளில் வணிக வெட்டைத் தடை செய்தது. தாய் மர நிறுவனங்கள் எல்லை தாண்டி பர்மாவில் வெட்டு உரிமம் வாங்கின. எல்லைக் காடுகளில் தொடங்கிய அவசரம் உள்நாட்டுக்கும் பரவியது. ஆண்டுக்கு இத்தனை மரம் என்ற ஒதுக்கீடு தாளில் தொடர்ந்து இருந்துவந்தது. ஆனால் நாடு முழுவதற்குமாகப் போட்ட அந்த ஒதுக்கீட்டில் போர் நடக்கும் தொலைப்பகுதிகளின் மரங்களும் சேர்ந்திருந்தன. அங்கே போக முடியாத ஆண்டுகளில் அந்தச் சுமையும் எளிதில் எட்டிய பெகு மலைமேல் விழுந்தது. ஒப்பந்தக்காரர்கள் இயந்திரங்களோடும் சாலைகளோடும் வந்தார்கள். சுழற்சி முடியாத கூப்புகளுக்குத் திரும்பினார்கள். சுற்றளவு எட்டாத மரங்களும் போயின. 2010-க்கும் 2015-க்கும் இடையில் பர்மா ஆண்டுக்குச் சராசரியாக 5,46,000 ஹெக்டேர் காட்டை இழந்ததாக ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு கணித்தது. அந்தக் காலகட்டத்தில் உலகிலேயே பிரேசிலுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்த பெரிய இழப்பு அது. விளைநிலமாக மாறியதும் இதில் அடங்கும். ஆனால் பெருமரம் போய் விலைமதிப்பு இழந்த காடுதான் முதலில் விளைநிலமாகிறது. 2014 ஏப்ரலில் உருட்டுமர ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. இரண்டாண்டு கழித்துப் பெகு மலைக்குப் பத்தாண்டுத் தடை வந்தது.

இதைப் படிக்கிற பலர், வெட்டுவதையே எல்லா இடத்திலும் நிறுத்திவிட்டால் என்ன என்று கேட்கக்கூடும். அந்தக் கேள்வியின் பின்னாலிருக்கும் அக்கறையை மதிக்கிறேன்; பழுதில்லாத ஆதிக்காடுகளைப் பொறுத்தவரை எனக்கும் அதே நிலைப்பாடுதான். ஆனால் தடை ஒரு நாட்டின் எல்லையோடு நின்றுவிடுகிறது, தேவை நிற்பதில்லை. தாய்லாந்தின் தடை பர்மாவின் மரத்தைத் தின்றது. 1998 யாங்சி வெள்ளத்துக்குப் பின் சீனா தன் இயற்கைக் காடுகளில் வெட்டைக் குறுக்கியது. அதன் மர இறக்குமதி ஏறியது, பர்மாவின் கச்சின் மலைகளிலிருந்து யுன்னானுக்கு லாரி லாரியாக மரம் போனது. நமக்கும் இதில் பங்கு உண்டு. நீலகிரியின் கூடலூர்க் காடுகளில் நடந்த மரவெட்டை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்சநீதிமன்றம் அளித்த ஆணை, ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இல்லாமல் நாட்டின் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றது. நம் காடுகளுக்கு அது பெரிய காப்பு. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பர்மாத் தேக்கை மிக அதிகமாக வாங்கிய நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நம் காட்டைக் காத்துக்கொண்டு பிறர் காட்டைக் கதவாகவும் நிலையாகவும் மாற்றியிருக்கிறோம். மரத்தை மறுத்துச் சிமென்ட்டுக்கும் இரும்புக்கும் போனாலும் தீர்வில்லை. அவற்றைச் சுடவும் உருக்கவும் எரிக்கும் நிலக்கரி வானத்தில்தான் சேர்கிறது.

அப்படியானால் தோட்டமாக வளர்த்துக்கொள்ளலாமே என்பது அடுத்த மறுப்பு. இதில் எனக்கு உடன்பாடு அதிகம். நிலம்பூரில் கலெக்டர் கொனோலியின் முயற்சியில், சாத்து மேனனின் கைவண்ணத்தில், 1840-களில் எழுந்த தேக்குத் தோட்டத்தின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. இந்தியா, பர்மா, தாய்லாந்து, லாவோஸ் என்ற நான்கே நாடுகளுக்குச் சொந்தமான மரத்தை இன்று ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் கூடத் தோட்டமாக வளர்க்கிறார்கள். நம் நாட்டிலும் தொழிற்சாலைகளுக்குப் போகும் மரத்தில் மிகப் பெரும்பங்கு காட்டுக்கு வெளியே, உழவர் நிலங்களில் விளைவதுதான். சாதாரண மரச்சாமானுக்கும் காகிதத்துக்கும் அது போதும். காட்டின்மீதான சுமையை அந்த அளவுக்குக் குறைக்கும். ஆனால் இருபது இருபத்தைந்து ஆண்டில் வெட்டும் தோட்டத் தேக்கில் வைரம் குறைவு, வெள்ளை அதிகம். நூறாண்டு மரத்தோடு விலையில் போட்டியிடாது. அந்த விலை வேறுபாடு இருக்கும்வரை காட்டுத் தேக்கைத் தேடிக் கோடரி போய்க்கொண்டேதான் இருக்கும். தேக்கு மட்டும் நிற்கும் சரிவுகளில் அகல இலைகளிலிருந்து சொட்டும் பெருந்துளிகள் மண்ணை அரிப்பதையும் வனவியலார் வெகுகாலமாக எச்சரித்துவருகிறார்கள். தோட்டத்தில் மரம் கிடைக்கும். மூங்கிலும் இருவாட்சியும் ஓடையும் சேர்ந்த காடு கிடைக்காது.

நவீன முறைகள் மீது நம்பிக்கை வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெட்டுக்கு முன் ஒவ்வொரு மரத்தையும் வரைபடத்தில் குறிப்பது, மரங்களைப் பின்னிக் கிடக்கும் கொடிகளை முன்கூட்டியே அறுத்துவிடுவது, விழும் திசையைத் தீர்மானித்து வெட்டுவது, இழுவைப் பாதைகளை முதலிலேயே வகுப்பது ஆகியவை சேதத்தைப் பெருமளவு குறைக்கின்றன என்பது போர்னியோவிலும் அமேசானிலும் நிறுவப்பட்டிருக்கிறது. அவசியம் செய்யவேண்டியவை. 2012-இல் பிரான்சிஸ் பட்ஸும் பிறரும் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஒருமுறை தெரிவு வெட்டுக்கு உள்ளான வெப்பமண்டலக் காட்டில் கரிமத்தின் 76 விழுக்காடு அப்படியே இருந்தது. பாலூட்டி, பறவை, முதுகெலும்பற்ற உயிர், தாவர இனங்களில் 85 முதல் 100 விழுக்காடு எஞ்சியிருந்தன. வெட்டுப்பட்ட காடு செத்த காடு என்று கைகழுவக் கூடாது என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் அதே தொகுப்பின் இன்னொரு எண்ணை மரத் தொழிலார் மேற்கோள் காட்டுவதில்லை: முதல் அறுவடைக்குப் பிறகு அடுத்த அறுவடையில் கிடைக்கும் மரம் ஏறத்தாழ 46 விழுக்காடு குறைகிறது. முதல் வெட்டு எடுத்தது பல நூற்றாண்டுச் சேமிப்பை. இரண்டாவது வெட்டுக்குக் கிடைப்பது இடைப்பட்ட சில பத்தாண்டு வளர்ச்சி மட்டும். எத்தனை நயமாக வெட்டினாலும் இந்த இடைவெளி நிரம்பாது. முதல் தடவையின் அளவே எப்போதும் கிடைக்கும் என்று திட்டமிடும் அரசும் ஆலையும், இரண்டாம் தடவை வரும்போது சுழற்சியைக் குறுக்கவோ சுற்றளவு வரம்பைத் தாழ்த்தவோதான் செய்யும். பெகுவில் நடந்ததன் உள்ளியக்கம் இதுவே.

பத்தாண்டுத் தடையையும் இந்த அளவுகோலால் பார்க்கலாம். ஏழரை அடி என்றால் தொண்ணூறு அங்குலம். அந்தச் சுற்றளவை எட்ட இயற்கைக் காட்டுத் தேக்குக்கு நூறாண்டுக்கு மேல் ஆகிறது. சராசரியாக ஆண்டுக்கு ஓர் அங்குலம்கூட இல்லை. பத்தாண்டில் ஒரு மரம் ஒன்பது அங்குலத்தைத் தாண்டாது. தடை தொடங்கிய நாளில் ஆறடியில் நின்ற தேக்கு, தடை முடியும் நாளில் ஏழடியைக்கூடத் தொட்டிருக்காது. பழைய விதிப்படி அதற்கு இன்னும் பல ஆண்டுகள் பாக்கி. முப்பது ஆண்டுச் சுழற்சியில் மூன்றில் ஒரு பங்கே பத்தாண்டு என்பதையும் சேர்த்துக்கொண்டால், அந்த எண் காட்டைப் பார்த்து வந்ததாகத் தெரியவில்லை. 2021-இல் ராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்ததும், மேற்கு நாடுகள் அரசு மர நிறுவனத்தின்மீது பொருளாதாரத் தடை விதித்ததும் கண்காணிப்பை இன்னும் கடினமாக்கியிருக்கின்றன. தடைக்குப் பின் செய்யவேண்டியது பிராண்டிஸ் செய்ததையே, அவர் விட்டதையும் சேர்த்து: கூப்பு வாரியாக மரங்களைப் பருமன் பிரித்து எண்ணுவது, அதோடு ஆறடிக்கு மேல் உயர்ந்து நிலைத்த தேக்குக் கன்றுகளையும் எண்ணுவது, போதுமான கன்று இல்லாத கூப்பை ஆண்டு பார்க்காமல் மூடியே வைப்பது, ஒரு பகுதியின் ஒதுக்கீட்டை இன்னொரு பகுதியில் வெட்ட அனுமதிக்காதது, எண்ணிக்கைப் பதிவேட்டை மலைக் கிராமத்தார் கையிலும் ஒரு படி கொடுப்பது. வாங்குகிற நாடுகளின் பங்கு எளிது. எந்தக் கூப்பு, எந்த ஆண்டு, அதற்கு முன் கடைசியாக வெட்டியது எப்போது என்ற மூன்று விவரம் இல்லாத மரத்தைத் துறைமுகத்தில் இறக்க மறுப்பது. பர்மாவில் ஏறத்தாழ ஐயாயிரம் வளர்ப்பு யானைகளும் அவற்றின் பாகன்களும் இருக்கிறார்கள். வெட்டு குறைந்ததால் பலருக்கு வேலை இல்லை. இயந்திரத்துக்குப் பதிலாக அவர்களைக் கொண்டு, சாலை போடாமல், குறைந்த அளவு மரத்தை மெதுவாக எடுக்கும் அறிவு அந்நாட்டில் இன்னும் அழியவில்லை.